இரண்டு பிள்ளையார்குப்பங்களும் ஒரு அரைக்காலும்

வில்லியனூரில் டெம்போவை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக டீ குடித்தேன். எங்கள் ஈப்போவில் ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கினால் ஊதி ஊதி அரை மணி நேரம் குடிக்கலாம். இங்கே கொடுத்த கிளாஸ் என் கட்டைவிரல் உயரம்தான் இருந்தது. இரண்டு மடக்கில் தீர்ந்துவிட்டது. மூன்றாவது கிளாஸ் கேட்டபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து எந்த ஊர் என்று விசாரித்தார். மலேசியா என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லி, நான் கேட்காமலே ஒரு போண்டாவைத் தட்டில் வைத்தார். விமானத்தில் கொடுத்ததை மனிதர் வாயில் வைக்க முடியாது. அந்தப் போண்டாவுக்காக அவரை ஆயுசுக்கும் வாழ்த்துவேன்.

வந்த காரியம் என்னவோ வாழ்த்துகிற காரியம் இல்லை. என் கைப்பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும், ஒட்டிய கவர் ஒன்றும் இருந்தன. கவருக்குள் ஒரு மனிதரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் இருந்தது. அந்த மனிதரைத் தேடித்தான் வந்திருந்தேன்.

நான் புஷ்பா. ஒரு பழைய மோட்டார் பந்தயக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். முதலாளியின் அப்பா, ரப்பர் தோட்டத்து லாரிகளைப் பழுது பார்த்த கொட்டகையில் இந்தக் குழுவை ஆரம்பித்தார். பழங்கால மோட்டார் சைக்கிள்களுக்கென்று நடக்கும் பந்தயங்களில் எங்கள் மஞ்சள் வண்டி இன்றும் ஓடுகிறது. போட்டிக்குப் பெயர் பதிவது, எல்லாருக்கும் சோறு ஆக்குவது, முதலாளியிடம் திட்டு வாங்குவது, இந்த மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

இந்தப் பருவம் ஆரம்பமே சரியில்லை. முதல் பந்தயத்தில் கொடி அசைந்ததும் மற்ற வண்டிகள் பறந்தன, எங்கள் வண்டி திக்கித் திணறிக் கோட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது பந்தயத்தில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கிளம்பிவிட்டது. நேர்ப்பாதை முடிந்து வேகத்தைக் குறைக்கிற இடத்தில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டது. ஓட்டிக்கொண்டிருந்த தினேஷ் தூக்கி எறியப்பட்டான். காறை எலும்பு முறிந்தது. அன்று ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

எங்கள் தலைமை மெக்கானிக் ஏழுமலை அப்போது ஊரில் இல்லை. பதினோரு வருஷமாக அந்த இஞ்சினுக்கு அவர்தான் தாய். புதுச்சேரிக்காரர். அவர் மனைவி கோகிலாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்று பருவம் தொடங்குமுன் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும், எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மீதி இருந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர், ஹஸ்ஸானும் ஆ கோங்கும். இருவருக்கும் தமிழ் தெரியாது. நோட்டைப் படித்து மலாயில் சொன்னது நான்தான். தமிழ்ப்பள்ளியில் தமிழில் முதல் மாணவி நான், இன்றைக்கும் அந்தப் பெருமை போகவில்லை. ஏழுமலை எட்டாவதோடு நின்றவர், எழுத்துப் பிழைக்குப் பஞ்சமே இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே படித்துச் சொன்னேன்.

நோட்டில் உள்ளபடி செய்தும் வண்டி விழுந்தது என்றால் என்ன அர்த்தம்? ஏழுமலை ஏதோ ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் ஒளித்துவிட்டார், தான் இல்லாமல் குழு ஓடக் கூடாது என்று நினைத்துவிட்டார் என்பது முதலாளியின் முடிவு. விபத்துக்கு மறுநாள் ஹஸ்ஸான் ஏழுமலைக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு ஏழுமலையின் போன் அணைந்தது அணைந்ததுதான். இரண்டு மாதம் போயிற்று. மூன்றாவது பந்தயம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. "நேர்ல போய்க் கேளு. எத மறச்சான்னு சொல்லட்டும். சொல்லலன்னா கவர குடுத்துட்டு வா" என்றார் முதலாளி. நான் வந்து இறங்கியது வியாழக்கிழமை.

ஏழுமலையின் ஊர் பிள்ளையார்குப்பம் என்று மட்டும் தெரியும். டீக்கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் சொன்னேன். முருகையன் என்று பெயர். அவர் தலையாட்டினார், நான் ஏறினேன். கரும்பு வயல்களுக்கு நடுவே போய் ஒரு பிள்ளையார்குப்பத்தில் இறக்கியும் விட்டார். ஏழுமலை வீடு எது என்று கேட்டேன். எந்த ஏழுமலை என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த ஊரில் மூன்று ஏழுமலைகள் இருந்தார்கள். ஒருவர் வந்தே விட்டார், தோளில் துண்டோடு. பந்தய வண்டியைப் பற்றி நான் மூச்சு விடாமல் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் ஆட்டு வியாபாரி என்றார்.

கடைசியில், தலையில் புல்லுக்கட்டோடு போன ஒரு பெண்தான் முடிச்சை அவிழ்த்தார். "இன்னாம்மா, பெரிய ஆஸ்பத்திரி இருக்குதே, அந்தப் பிள்ளையார்குப்பமா? அது பாகூர் பக்கம்மா. இது வில்லியனூர் பிள்ளையார்குப்பம்." ஒரே பெயரில் இரண்டு ஊர், அதுவும் ஒரே மாநிலத்தில், அதுவும் இந்தக் கைக்குட்டை அளவு மாநிலத்தில்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. முருகையன்தான் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, "எந்தப் பிள்ளையார்குப்பம்னு நான்தான் கேட்டிருக்கணும், தப்பு என்னுதுக்கா" என்றார். தெளிவாகச் சொல்லாதது நான். பழியை அவர் எடுத்துக்கொண்டார், நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

வடக்கிலிருந்து தெற்குக்கு மறுபடி பயணம். வழியில் இரண்டு தடவை தமிழ்நாடு வந்து வந்து போயிற்று. ஒரு வளைவில் "நன்றி, மீண்டும் வருக" என்கிறது பலகை, அடுத்த வளைவில் "நல்வரவு" என்கிறது. எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, சாராயக்கடை இருந்தால் நம்ம ஊர் என்றார் முருகையன். ஓரிடத்தில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, பையில் பாட்டில் இருக்கிறதா என்றார். இருந்தது, நான்கு பாட்டில் நெத்திலி போட்ட மிளகாய்ச் சம்பல், கோகிலாவுக்காக நானே கிண்டியது. ஒன்றைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனவர் நான்கு தும்மல் தும்மினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, தொட்டுக்கொள்ள எது சரியாக இருக்கும் என்று விசாரித்தார். ஒரு பாட்டில் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

சரியான பிள்ளையார்குப்பத்தில் கோகிலாவே வாசலில் நின்றிருந்தாள். "புஷ்பாக்காதான? போட்டோல பாத்துகிறன். வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். நான் எதற்கு வந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் முதலில் தண்ணீர் கொடுத்தாள், அடுத்து விசிறியைப் போட்டாள், அதன் பிறகுதான் பேசினாள். ஏழுமலை அங்கே இல்லை. அபிஷேகப்பாக்கத்தில் கோகிலாவின் அண்ணன் நிலத்தில் அறுப்பு, அங்கேயே தங்கிவிட்டார். நாளைக்கு வரச் சொல்கிறேன் என்றாள். நானே போகிறேன் என்றேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள், கோகிலா இன்னும் பாரம் தூக்கக் கூடாதாம். எங்கள் ஊரிலும் கருவாடு உண்டு, சீனிக் கரைசலில் வறுத்து மொறுமொறுவென்று வைப்போம். இது வேறு ஜாதி. கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு கெட்டியாக இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கோகிலா மெதுவாகச் சொன்னாள். ரெண்டு மாசமாக அவர் எந்த இஞ்சினையும் தொடுவதில்லையாம், பக்கத்து வீட்டுக்காரர் பம்புசெட்டைப் பார்க்கக் கூப்பிட்டதற்குக்கூட எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை பஸ். தனியார் பஸ், பாட்டுச் சத்தத்தில் நடத்துநர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ரோட்டோரத்தில் முழித்துக்கொண்டு நின்றவளை, ஸ்கூட்டியில் வந்த ஒரு நர்சிங் மாணவி ஏற்றிக்கொண்டாள். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது, அதை எனக்கு மாட்டிவிட்டாள். பந்தயக்காரர்களோடு இருபத்திரண்டு வருஷம் இருந்தும் அவள் ஓட்டிய வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அபிஷேகப்பாக்கத்து வயல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துவிட்டாள். நன்றி சொல்வதற்குள் தெரு முனை திரும்பிவிட்டாள்.

வயலில் அறுவடை இயந்திரம் பாதி நிலத்தில் நின்றுபோயிருந்தது. அதன் ஓட்டுநர், வரப்பில் உட்கார்ந்திருந்த ஏழுமலையிடம் ஒருமுறை வந்து பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஏழுமலை நிமிரவே இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கைகளில் எண்ணெய்க் கறை இல்லாமல் அவரை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"தினேஷு தம்பிக்கு கை எப்படிக்கா கீது?" என்றுதான் முதலில் கேட்டார்.

எலும்பு கூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போகிறான் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் முதலாளி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். நோட்டில் எதை மறைத்தீர்கள் என்று அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு நாக்கு எப்படித்தான் வந்ததோ! அவர் கோபப்படவில்லை. எதையும் மறைக்கவில்லை, ஆனால் எழுதிய அன்றைக்கு மனசு மனசாக இல்லை, கோகிலாவின் ஸ்கேன் ரிப்போர்ட் அன்று காலையில்தான் போனில் வந்திருந்தது, எங்கேயோ ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றார். எங்கே என்று பாருங்கள் என நோட்டை எடுத்து நீட்டினேன். நெருப்பைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்னால் போனார்.

"அத்த எடுக்காதீங்கக்கா. அந்தத் தம்பி என்ன நம்பித்தான் ஏறுச்சி. நான்தான் தள்ளி வுட்டேன். இனிமே எந்த இஞ்சினையும் தொட மாட்டேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பந்தயம் நாளை மறுநாள், வண்டி இன்னமும் கிளம்பும்போது திணறுகிறது, ஹஸ்ஸான் எதை எதையோ மாற்றிப் பார்க்கிறான் என்றேன். அவர் தொட மாட்டேன் என்றே நின்றார். வேறு வழி தெரியவில்லை. கவரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெயிலில் இவ்வளவு தூரம் வந்தீர்களே என்று சொல்லி, ஒரு இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தார். என் வாழ்நாளில் அப்படிக் கசந்த இளநீர் நான் குடித்ததில்லை. மாலையில் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டு, அவரும் தங்கினார்.

சனிக்கிழமை காலை எனக்கு விடிந்தும் விடியாமலும் விழிப்பு. திங்கட்கிழமைதான் விமானம். அதுவரை இந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? வேலை செய்தால் மனம் ஆறும் என்று, வெண்பொங்கல் நான் வைக்கிறேன் என்றேன். கோகிலா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எது எங்கே இருக்கிறது என்று சொன்னாள். அரிசிப் பானைக்குள் பித்தளைப் படி ஒன்று கிடந்தது. மூன்று பேர்தானே என்றேன். "ஆமாக்கா, அரக்காப் படி போதும். பருப்பு ஒரு பிடி" என்றாள்.

அரை, கால், ஆகமொத்தம் முக்கால். முக்கால் படி அரிசியை அளந்து களைந்து குக்கரில் போட்டேன். கொள்ளவில்லை. அவ்வளவு சாப்பிடுவார்களா என்று ஒரு நினைப்பு வந்தது, உழைக்கிற ஜனம், சாப்பிடுவார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். குக்கரில் பாதி, அலுமினியக் குண்டானில் பாதி என்று இரண்டு அடுப்பிலும் ஏற்றினேன். குண்டான் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தையல் பிரிந்துவிடும் என்று சிரிப்பை அடக்குகிறாள், அடங்கவில்லை.

"இன்னாக்கா, நம்ம வூட்ல கல்யாணமா? அரக்காப் படிதான சொன்னேன்?"

"அரையும் காலும் முக்கால்தானே, முக்கால் படிதான் போட்டேன்" என்றேன் நான், கொஞ்சம் ரோஷத்தோடு. முதல் மாணவி இல்லையா!

கோகிலா எழுந்து வந்து, அலமாரி மூலையிலிருந்து ஒரு சின்னத் தகர அளவையை எடுத்துக் காட்டினாள். என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. "இதாங்கா அரக்கா. அரைக்கால். காப்படியில பாதி. இது எட்டு போட்டாத்தான் ஒரு படி" என்றாள்.

காலில் பாதி அரைக்கால். எட்டில் ஒன்று. அரைக்கால் சட்டை என்று நாளைக்கு நூறு தடவை சொல்கிறோமே ஒழிய, அப்படி ஒரு அளவு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கள் வீட்டிலும் டின்னால் அளந்தார்கள். கையில் அந்தத் தகர அளவையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஓடிப்போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

பதினாறாவது பக்கம். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை முழுக்க மூடிவிட்டு, பிறகு எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பது அங்கே எழுதியிருந்தது. ஏழுமலையின் கோணல் எழுத்தில், "ஒண்ணு அரக்கா சுத்து தொற." அதன் மேல் என் அழகான சிவப்பு எழுத்தில், "ஒன்று + அரை + கால்." ஒன்றே முக்கால் சுற்று என்று மலாயில் ஹஸ்ஸானுக்குச் சொன்னவள் நான். அவ்வளவு திறந்தால் காற்று கூடும், பெட்ரோல் குறையும், கிளம்பும்போது திணறும். வேகத்தைக் குறைக்கிற இடத்தில் இஞ்சின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் பேனாவில் இருந்தது, சிவப்பாகவே இருந்தது.

ஏழுமலை பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. ஹஸ்ஸானிடம் மட்டும் எண்ணைச் சொல்லி வண்டியைச் சரிபண்ணிவிடலாம், என் மானம் தப்பும். தோன்றிய நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனேன். நோட்டை விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "எழுதினது நீங்க. இதைத் தப்பாப் படிச்சது நான். தினேஷைத் தள்ளினது நீங்க இல்ல ஏழுமலை, நான்தான்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். தன் எழுத்தின் மேல் விரலை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "ஒண்ணு, அரக்கா." மறுபடி படித்தார். "சரியாத்தாங்கா எழுதிகிறேன்" என்றார். அப்படியே துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கிற்று. ஒரு ஆண் அவ்வளவு சத்தமில்லாமல் அழுவதை நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

கோகிலா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். "ரெண்டு மாசம்க்கா. இந்த மனுசன் சோறு துன்னல, தூங்கல. ஒரு போன் போட்டு இது இன்னா அளவுன்னு கேக்கறதுக்கு இன்னா?" என்றாள். அது நியாயமான கேள்வி. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவள் எப்படிக் கேட்பாள் என்பதுதான் பதில். அவள் உள்ளே போனாள். போனவள் தட்டில் பொங்கலோடு வந்து என் முன்னால் வைத்தாள். திட்டி முடித்தாகிவிட்டது, சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

முதலாளிக்குப் போன் செய்தேன். படியையும், அரிசியையும், சிவப்பு மையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏழுமலையிடம் கொடு என்றார். என்ன சொன்னாரோ, ஏழுமலை, "இருக்கட்டும் மொதலாளி, இருக்கட்டும் மொதலாளி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலாளி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் அறியேன். பிறகு சட்டைப்பையிலிருந்த கவரைக் கிழித்துப் போடச் சொன்னதாக ஏழுமலை சொன்னார். பிரிக்காமலே கிழித்தார். எனக்கு மட்டும் ஒரே வாக்கியம், "நீ வா, வந்து பேசிக்கறேன்." பேசினார், ஒரு மணி நேரம். ஆனால் வேலையில் வைத்திருக்கிறார், அதற்கு அவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு.

அடுத்து ஹஸ்ஸான். போனைப் பிடித்தவர் ஏழுமலை. தன் உடைந்த மலாயில், திருகை முழுக்க மூடு, ஒன்றும் எட்டில் ஒன்றும் திற, இந்த இரண்டு மாதத்தில் மாற்றியதையெல்லாம் பழையபடி வை என்று வரிசையாகச் சொன்னார். இஞ்சினைக் கிளப்பிப் போனை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ம்" என்றார். எங்கள் கொட்டகையில் பதினோரு வருஷமாக நாங்கள் காத்துக் கிடக்கும் "ம்" அது. மிச்சப் பொங்கல் தெரு முழுக்கப் போயிற்று. என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மலேசியாக்காரம்மா வைத்த பொங்கல் என்றுதான் கோகிலா சொன்னாள், அளவைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை கோகிலாவின் போனில் பார்த்தோம். ஹஸ்ஸான் வேலிக்கம்பியில் தன் போனைக் கட்டி வைத்திருந்தான், படம் ஆடிக்கொண்டே இருந்தது. கொடி அசைந்தது. மஞ்சள் வண்டி மற்றவற்றோடு கிளம்பியது, நிற்கவில்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. ஏழுமலை கத்தவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நேர்ப்பாதை முடிகிற அந்த இடம் வரும்போது என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், வண்டி அதைத் தாண்டியதும் விட்டார். ஒன்பது சுற்று, ஒன்பது முறை. கன்றிப்போன தடம் ஒரு வாரம் இருந்தது. ஏழாவதாக வந்தோம். பழைய பெருமைக்கு ஏழாவது இடம் ஒன்றுமில்லைதான், அன்றைக்கு எங்களுக்குப் போதும் போதும் என்றிருந்தது.

தினேஷ் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் போனுக்கு வந்தான். ஏழுமலை வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கைய மேல தூக்கு தம்பி, பாக்கறேன்" என்றார். அவன் தோள் உயரத்துக்குத் தூக்கினான். "இன்னும் கொஞ்சம்." முகத்தைச் சுளித்துக்கொண்டு காதுவரை தூக்கினான். "போதும், போதும். எறக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மெயின் ரோட்டுக்கு ஏழுமலையின் மோட்டார் சைக்கிளில் வந்தேன். கோகிலாவுக்கு டாக்டர் சரி என்று சொன்னதும் அடுத்த மாதம் வேலைக்கு வருவதாகச் சொன்னார். போண்டாக்காரர், புல்லுக்கட்டுப் பெண், முருகையன், தும்மல் போலீஸ்காரர், பெயர் தெரியாத அந்த நர்சிங் பிள்ளை என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன். அவர்களில் யாரும் இல்லாவிட்டால் நான் அந்த அடுப்படிக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. பத்தாவது முறையாகவோ என்னவோ, என்னை மன்னித்துவிடுங்கள் ஏழுமலை என்றேன்.

"வுடுங்கக்கா" என்றார். பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டுத் திரும்பினார். "அது ஒங்க தப்புன்னு தெரிஞ்சப்ப எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்துச்சின்னு ஒங்களுக்குத் தெரியாதுக்கா. ரெண்டு மாசம் கழிச்சி முந்தாநேத்துதான் தூங்குனேன்."